ரோஜர் ஸ்க்ரூட்டனை ஏன் இன்னும் நினைவுகூர்கிறார்கள்?

பழமைவாதி என்று பெயரெடுத்த பிரிட்டிஷ் தத்துவவாதியான ஸ்க்ரூட்டன் 2020 ஜனவரியில், 75 வயதில் புற்றுநோயால் இறந்தார். பழமைவாதி என்றதும் பழசைக் கட்டிக்கொண்டு அழுபவர் என்று பலர் முடிவுகட்டிவிடுகிறார்கள். அவர் சொன்னது வேறு: நல்லதை உடைப்பது சுலபம், உருவாக்குவது கடினம். 1968 மே மாதம் பாரிஸில் மாணவர் கலவரத்தை நேரில் பார்த்த பிறகுதான் பழமைவாதத்தின் பக்கம் சாய்ந்தார்.

புகையிலை நிறுவனத்திடம் பணம் வாங்கியது 2002-ல் அம்பலமானது. அது கறைதான், மறுக்க முடியாது.

ஆனால் என்னைப் பொறுத்தவரை அவர் பெரிய மனிதரானது செக்கோஸ்லோவாக்கியாவில்தான். 1979-ல் பிராக் நகரில், கம்யூனிஸ்ட் அரசு ஒதுக்கிவைத்த அறிஞர்கள் நெருக்கியடித்து உட்கார்ந்து ரகசியமாக வகுப்பு நடத்திய ஒரு வீட்டில் போய்ப் பேசினார். அப்புறம் நண்பர்களோடு சேர்ந்து புத்தகங்களை ரகசியமாக அனுப்பி, அந்தத் தலைமறைவு வகுப்புகளைத் தாங்கிப் பிடித்தார். 1985-ல் போலீஸ் பிடித்து நாட்டைவிட்டே வெளியேற்றியது. கம்யூனிஸ்ட் ஆட்சி போன பிறகு, 1998-ல் செக் அதிபர் வாக்லாவ் ஹாவெல் அவருக்குப் பதக்கம் அணிவித்தார்.