கேட்டதும் சொன்னதும்: ஏ.ஐ.யும் உங்கள் தொழிலும்

கேள்வி: இயந்திர உதிரிபாகங்களை மொத்தமாக வாங்கி விற்கிறேன். எந்தச் சரக்கை எவ்வளவு வாங்குவது என்று கணிக்க ஒரு ஏ.ஐ. மென்பொருள் போட்டோம். மூன்று வருட பில் விவரம் முழுவதையும் கொடுத்தாயிற்று. ஆனால், நன்றாக ஓடுகிற சரக்கையே குறைத்து வாங்கச் சொல்கிறது. மென்பொருள் சரியில்லையா?

பதில்: மென்பொருளை மாற்றுவதற்கு முன்னால் ஒரு வேலை செய்யுங்கள். அப்படி ஓடுகிற சரக்கு ஒன்றை எடுத்து, அதன் மாத விற்பனையை ஒரு தாளில் கையால் எழுதுங்கள்.

இதே சிக்கல் ஒரு கிடங்கில் எனக்கும் வந்தது. ஒரு பேரிங்கின் ஐந்து மாத விற்பனை இப்படி இருந்தது: 40, 38, 0, 0, 44. நடுவில் இருந்த அந்த இரண்டு பூஜ்யங்களும் உறுத்தின. கணினியில் எவ்வளவு தேடியும் காரணம் கிடைக்கவில்லை. கடைசியில் ஸ்டோர் கீப்பரிடம் போய்க் கேட்டேன். "அந்த ரெண்டு மாசமும் சப்ளை வரலை சார். கேட்டு வந்தவங்களை இல்லைன்னு சொல்லி அனுப்பிட்டேன்" என்றார். அரை நிமிடத்தில் விஷயம் முடிந்தது.

விற்றால்தான் பில் விழும். இல்லை என்று சொல்லி அனுப்பியதை யாரும் எழுதி வைப்பதில்லை. யாருமே கேட்காத மாதமும், கேட்டும் கொடுக்க முடியாத மாதமும் பில் விவரத்தில் ஒரே பூஜ்யமாகத்தான் தெரியும். அந்த ஐந்து மாதங்களின் சராசரி 24. சரக்கு கையில் இருந்த மூன்று மாதங்களை மட்டும் எடுத்தால் 40க்கு மேல் வருகிறது. மென்பொருள் சொன்னபடி 24 வாங்கினால் மாத நடுவிலேயே தீர்ந்துவிடும், அடுத்த பதிவும் குறைவாக விழும், அதைப் பார்த்து அடுத்த கணிப்பு இன்னும் இறங்கும். வேகமாகத் தீர்கிற சரக்குதான் இதில் அதிகம் அடிபடும். உங்களுக்கு நடந்திருப்பதும் இதுவாகத்தான் இருக்க வேண்டும்.

என்ன செய்யலாம்? விற்பனைக்குப் பக்கத்தில் அன்றன்றைய இருப்பையும் ஒரு தனிப் பத்தியில் (column) சேருங்கள். இருப்பு இல்லாத நாட்களில் பூஜ்யம் போடாமல் வெற்றாக விடச் சொல்லுங்கள். பல கணிப்பு மென்பொருள்களுக்கு இந்த வித்தியாசத்தைச் சொல்லிக் கொடுக்க முடியும். கவுன்டரில் ஒரு நோட்டு வையுங்கள். இல்லை என்று அனுப்பிய ஒவ்வொன்றும் அதில் ஏறட்டும். அப்புறம், கணிப்பு சரியா என்று பார்க்க, போன வருடத்தின் அதே மாத விற்பனையை அளவுகோலாக வைத்துக்கொள்ளுங்கள். "போன வருடம் போலவே" என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்கிற கணிப்பை விட மென்பொருள் தொடர்ந்து நெருக்கமாக வந்தால் வைத்துக்கொள்ளுங்கள். வராவிட்டால் அதற்குப் பணம் கட்டுவது வீண்.

கேள்வி: கணக்குப் பிரிவில் இருக்கிறேன். போலி பில்களைக் கண்டுபிடிக்கும் ஏ.ஐ. ஒன்றை வாங்கப் போகிறார்கள். 99 சதவீதம் துல்லியம் என்கிறார் விற்பனையாளர். நம்பலாமா?

பதில்: அந்த எண் உண்மையாகவே இருக்கலாம். அதை வைத்து ஒரு கணக்குப் போடுவோம். 10,000 பில்கள் வருகின்றன, அதில் 10 போலி என்று வையுங்கள். பத்தையும் பிடித்துவிடுகிறது. நல்ல பில்கள் 9,990. அவற்றில் நூற்றுக்கு ஒன்றைத் தப்பாகச் சந்தேகித்தாலும் சுமார் 100 பில்கள் சிக்கும். ஆக உங்கள் மேசைக்கு வருவது 110, அதில் 100 பேர் ஒரு தப்பும் செய்யாதவர்கள். இன்னொன்றையும் பாருங்கள். "எல்லா பில்லும் சரி" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருக்கும் ஒரு நிரலுக்கு இங்கே 99.9 சதவீதம் துல்லியம் கிடைத்துவிடும்!

அதனால் விற்பனையாளரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். சந்தேகம் என்று நீங்கள் காட்டும் நூறில் எத்தனை உண்மையிலேயே போலி? உண்மையான போலி நூறில் எத்தனை உங்களிடமிருந்து தப்பிக்கும்? உங்கள் பழைய பில்களிலேயே ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். 10,000 பில்லைப் புரட்டுவதை விட 110 பில்லைப் பார்ப்பது பெரிய நிம்மதி என்பதையும் மறுக்க மாட்டேன். ஆனால், சிக்கிய பில்லுக்குப் பணத்தை நிறுத்துமுன் ஒரு மனிதர் அதைப் பார்த்தே ஆக வேண்டும். அந்த 100 பேரின் பெயர் கெடக் கூடாது.

கேள்வி: எங்கள் இணையதளத்தில், வாடிக்கையாளர் கேட்பதற்குத் தானாகவே பதில் எழுதும் சாட்பாட் வைக்கிறோம். அது தப்பாகப் பதில் சொன்னால் பொறுப்பு யாருடையது?

பதில்: உங்களுடையதுதான். கனடாவில் இது வழக்காகவே வந்தது. 2022இல் உறவினரின் மரணத்துக்காகப் பயணம் செய்த ஒருவரிடம், டிக்கெட் வாங்கிய பிறகும் துக்கக் கட்டணச் சலுகைக்கு விண்ணப்பிக்கலாம் என்று ஏர் கனடா விமான நிறுவனத்தின் சாட்பாட் சொன்னது. நிறுவனத்தின் விதி அப்படி இல்லை. சாட்பாட் சொன்னதற்கு நாங்கள் பொறுப்பல்ல என்று நிறுவனம் வாதாடிப் பார்த்தது. 2024 பிப்ரவரியில் அங்குள்ள பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தின் தீர்ப்பாயம் அதை ஏற்கவில்லை. சாட்பாட்டும் இணையதளத்தின் ஒரு பகுதிதான் என்று சொல்லி, வட்டி, கட்டணம் எல்லாம் சேர்த்துச் சுமார் 812 கனடா டாலர் கொடுக்க உத்தரவிட்டது.

தொகை சிறியதுதான். ஆனால், துக்கத்தில் இருந்த ஒருவர் தனக்குச் சொல்லப்பட்டதை நம்பினார், அதற்காக வழக்கு வரை அலைய வேண்டியிருந்தது. எனக்கு அதுதான் பெரிதாகப் படுகிறது. பணம், சலுகை, ரத்து சம்பந்தமான கேள்விகளில் சாட்பாட் பதிலை வரைந்து மட்டும் கொடுக்கட்டும், உங்கள் ஆள் படித்துவிட்டு அனுப்பட்டும். நேரம், முகவரி மாதிரி விஷயங்களை அதன் பொறுப்பில் விடலாம்.

கேள்வி: இதற்கெல்லாம் எக்செல் போதாதா?

பதில்: பல இடங்களில் போதும். அங்கே எக்செல்லையே வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: 15 வருடமாக வாடிக்கையாளர் புகார்ப் பிரிவில் இருக்கிறேன். இப்போது ஏ.ஐ.யைப் பழக்குவதற்காகப் பழைய புகார்களை நான்தான் வகை பிரித்துக் கொடுக்க வேண்டுமாம். என் வேலைக்கு நானே உலை வைக்கிறேனோ என்று தூக்கம் வரவில்லை.

பதில்: உங்கள் பயம் நியாயமானது. வேலை மாறாது என்று சொல்லி உங்களை ஏமாற்ற எனக்கு மனம் வரவில்லை. ஆனால், நீங்கள் செய்யும் இந்த வகை பிரிப்பு எவ்வளவு கனமான வேலை என்பது மேலே இருப்பவர்களுக்குத் தெரிய வேண்டும். "மூன்றாவது தடவை எழுதுகிறேன், சாமான் வந்தது, சந்தோஷம்" என்று ஒரு கடிதம் வந்தால், அதைப் பாராட்டில் போடுவதா, தாமதத்தில் போடுவதா? படித்தவுடன் உங்களுக்குத் தெரியும், அவர் இனி நம்மிடம் வாங்க மாட்டார் என்று.

ஒன்று செய்யுங்கள். 100 புகார்களை நீங்களும் இன்னொரு அனுபவசாலியும் தனித்தனியாக வகை பிரியுங்கள், ஒருவர் போட்டதை மற்றவர் பார்க்காமல். 80இல் ஒத்துப்போய் 20இல் வேறுபட்டால், அந்த 20ஐ எடுத்துக்கொண்டு மேலாளரிடம் போங்கள். ஏ.ஐ. வந்த பிறகு இப்படிப்பட்டவை யார் கைக்கு வரும் என்று கேளுங்கள். மிச்சமாகும் நேரத்தில் உங்கள் பிரிவுக்கு என்ன வேலை என்பதையும் அப்போதே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். என்ன பதில் வந்தது என்று எனக்கும் எழுதுங்கள்.