மறைகரமும் வர்த்தமானியும்

அன்புள்ள ஐயா,

திருகோணமலையில் எது நடந்தாலும் ஒரே ஒழுங்கில்தான் நடக்கிறது. இரவோடிரவாக ஒரு புத்தர் சிலை முளைக்கும், விடிந்தால் ஹர்த்தால், அடுத்த கிழமை தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் சண்டை. துறைமுகத்தின் மேல் கண் வைத்திருக்கும் வல்லரசுகள்தான் எங்களைப் பிரித்து ஆட்டுகின்றன என்று நினைக்கிறேன். நாங்கள் என்ன யோசிக்க வேண்டும் என்பதையே பேஸ்புக்கில் அவர்கள்தான் தீர்மானிக்கிறார்கள். உங்களைப் போன்றவர்கள் ஏன் இதை வெளிப்படையாக எழுதுவதில்லை?

ர., உப்புவெளி

அன்புள்ள தம்பி,

மறைகரமே கிடையாது என்று சொல்ல நான் வரவில்லை. 2016 மே மாதம் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில், ஒரு இஸ்லாமிய நிலையத்தின் முன்னால் இரண்டு கூட்டங்கள் எதிரெதிரே நின்று கத்தின. இரண்டு கூட்டங்களையும் கூட்டியவை இரண்டு பேஸ்புக் பக்கங்கள். அந்த இரண்டையும் நடத்தியது ரஷ்யாவின் சென் பீட்டர்ஸ்பேர்க்கில் இருந்த ஒரே நிறுவனம் என்பது அடுத்த வருடம் செனட் விசாரணையில் வெளிவந்தது. செலவு ஏறக்குறைய 200 டொலர். ஆனால் வந்து நின்றவர்களின் கோபத்தை யாரும் காசு கொடுத்து வாங்கவில்லை. அது அவர்கள் வீட்டிலிருந்தே கொண்டு வந்தது.

இங்கேயும் அப்படித்தான். 2018 இல் அம்பாறையில் ஒரு முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில் ஆட்களை நிரந்தரமாக மலடாக்கும் மாத்திரை கலக்கிறார்கள் என்று கதை கட்டினார்கள். அப்படியொரு மாத்திரையே உலகில் இல்லை. கறியில் கிடந்தது மாக்கட்டி. அதை நம்பவும் பரப்பவும் எந்த வல்லரசும் தேவைப்படவில்லை. ஹர்த்தாலுக்கு முதல்நாள் என் வட்ஸ்அப்புக்கு வரும், 'பலமுறை பகிரப்பட்டது' என்று தலையில் எழுதியிருக்கும் குரல்பதிவுகளை எனக்கு அனுப்புவது உளவுத்துறை இல்லை. ஓய்வுபெற்ற பாடசாலை அதிபர் ஒருவர். நல்ல மனிதர், காலை வணக்கப் படமும் தவறாமல் அனுப்புவார்.

துறைமுக விஷயத்துக்கு வருவோம். திருகோணமலையை இந்தியாவின் நலனுக்குப் பாதகமாக எந்த நாட்டின் இராணுவப் பாவனைக்கும் விடுவதில்லை என்பது 1987 இந்திய இலங்கை ஒப்பந்தத்தோடு ராஜீவ் காந்தியும் ஜனாதிபதி ஜே.ஆர். ஜயவர்த்தனவும் மாற்றிக்கொண்ட கடிதங்களிலேயே இருக்கிறது. எண்ணெய்க் குதங்களை இருநாடும் சேர்ந்து நடத்துவது என்பதும் அதே கடிதங்களில்தான். 2022 ஜனவரியில் 99 குதங்களில் 61 ஐக் கூட்டு நிறுவனத்துக்குக் கொடுத்ததும் பத்திரிகையில் வந்த செய்தி. வல்லரசுக்குக் கண் இருக்கிறது, சரி. அதை அவர்கள் மறைக்கவே இல்லையே.

எங்களைப் பிரித்த காரியங்களும் பெரும்பாலும் பட்டப்பகலில் நடந்தவை. சிங்களவரைக் கொண்டுவந்து குடியமர்த்திய கந்தளாய், அல்லைக் குடியேற்றங்களை அரசாங்கம் மேடை போட்டுத் திறந்து வைத்தது. சிங்களவர் பெரும்பான்மையாக உள்ள சேருவில தேர்தல் தொகுதியை உருவாக்கியது எல்லை நிர்ணய ஆணைக்குழு. 2020 ஜூனில் கிழக்கு மாகாணத் தொல்பொருள் செயலணி, அரசாங்க அறிவித்தல்கள் வெளிவரும் வர்த்தமானியில்தான் வந்தது. மூன்று இனமும் வாழும் மாகாணத்துக்குப் போட்ட அந்தப் பட்டியலில் ஒரு தமிழரோ முஸ்லிமோ இருக்கவில்லை. 2005 இல் பஸ் நிலையத்தருகே சிலை வந்தது இரவில்தான். அதற்குக் காவல் போட்டது பகலில்.

நீங்கள் சொல்லும் தமிழர் முஸ்லிம் சண்டையும் அப்படித்தான். 2018 இல் இங்கே ஒரு இந்துப் பாடசாலையில் முஸ்லிம் ஆசிரியைகளின் அபாயா உடை பற்றி எழுந்த பிரச்சினையில் இரண்டு பக்கமும் வாய்க்கு வந்தபடி எழுதியவர்கள் சொந்தப் பெயரில், சொந்தப் படத்தோடு எழுதினார்கள். சந்தையில் பக்கத்துப் பக்கத்துக் கடையில் இருப்பவர்கள். அதை வெளிநாட்டுச் சதி என்று சொன்னால் அவர்களுக்கும் நிம்மதி, எங்களுக்கும் நிம்மதி. அந்த நிம்மதிதான் எனக்குப் பிடிக்கவில்லை. வாஷிங்டனைத் திட்டிக்கொண்டிருக்கும்போது, கோப்பில் கையெழுத்துப் போட்ட அதிகாரியை ஒருவரும் கேள்வி கேட்பதில்லை.

உப்புவெளிப் பக்கம் எந்தக் காணி யாருக்கு, எந்த உத்தரவில் போனது என்ற சந்தேகம் உங்களுக்கு இருந்தால் 2016 ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. பிரதேச செயலகத்தின் தகவல் உத்தியோகத்தருக்குத் தமிழிலேயே எழுதிக் கொடுக்கலாம், காரணம் சொல்லத் தேவையில்லை. 14 வேலை நாட்களுக்குள் முடிவைச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் மேன்முறையீடு செய்யலாம். பதில் கிடைத்தால் எனக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள், எழுதுகிறேன்.