கிறிஸ்மஸ், புத்தாண்டு விடுமுறையில் வீட்டு நாயையும் பூனையையும் எப்படிப் பார்த்துக்கொள்கிறீர்கள்?

கேள்வியில் மூன்று விஷயம் கேட்டிருக்கிறீர்கள். சொந்தக்காரர்கள் வந்து வீடு நிறையும்போது நாய் ஏன் வேறு மாதிரி ஆகிறது, நள்ளிரவு வெடிக்கு என்ன செய்வது, ஊருக்குப் போனால் அதை எங்கே விடுவது. எங்கள் வீட்டில் நடப்பதை வைத்தே சொல்கிறேன். நாங்கள் நாகர்கோவில், கோட்டாறு பக்கம். ஜானி என்று ஒரு நாட்டு நாய், அப்புறம் ஒரு பூனை. பூனைக்கு மகள் ஆசையாகப் பெயர் வைத்திருக்கிறாள், ஆனால் மாமியார் "பூச்சை" என்று கூப்பிட்டால்தான் அது திரும்பிப் பார்க்கும்.

எங்கள் ஊரில் சவேரியார் கோவில் திருவிழாவிலேயே கிறிஸ்மஸ் காலம் தொடங்கிவிடும். நவம்பர் 24 கொடியேற்றம், டிசம்பர் 3 பத்தாம் திருவிழா, அன்றைக்கு மாவட்டத்துக்கே உள்ளூர் விடுமுறை. அந்தக் கையோடு வீட்டுக்கு வீடு ஸ்டார் தொங்கும், குடில் வேலை ஆரம்பிக்கும். இதற்கு நடுவில் பிள்ளைகளுக்கு அரையாண்டுத் தேர்வு. சுசீந்திரம் மார்கழித் தேரும் அதை ஒட்டியேதான் வரும். ஒரு மாதத்துக்கு மேல் தெருவில் மைக் செட், மேளம், வெடி என்று ஏதாவது ஒன்று இருந்துகொண்டே இருக்கும். நமக்கு இதெல்லாம் சந்தோஷம். நாய்க்கோ, காலையில் வெளியே போவது, தட்டில் சோறு விழுவது, விளக்கணைத்துப் படுப்பது, இந்த மூன்றும் தினமும் அதே நேரத்தில் நடந்தால்தான் நிம்மதி. பண்டிகை வந்தால் முதலில் கெடுவது இந்த மூன்றும்தான். காலைச் சாப்பாடு பத்தரைக்குப் போகும், பிள்ளைகள் ராத்திரி ஒரு மணி வரை கும்மாளம் போடும், அது படுக்கிற மூலையில் யாரோ பெட்டியை வைத்துவிடுவார்கள். அப்புறம் நாய் ஏன் உறுமுகிறது என்று கேட்டால் என்ன சொல்வது? ஜானியின் நேரத்தை அசைக்காமல் வைத்துக்கொண்டு எங்கள் கொண்டாட்டத்தை அதைச் சுற்றி அமைத்துக்கொள்கிறோம். எங்கள் வீட்டு வழக்கம் அவ்வளவுதான், மீதி எல்லாம் அதிலிருந்து வருவது.

அந்தப் பொறுப்பு முழுக்க மாமனாருடையது. யார் வந்தாலும் போனாலும் ஆறு மணிக்கு ஜானியை வெளியே கூட்டிப் போவதும், எட்டு மணிக்குச் சோறு வைப்பதும் அவர்தான். எல்லோரும் பார்த்துக்கொள்வார்கள் என்று விட்டால் ஒருவரும் பார்ப்பதில்லை, இல்லாவிட்டால் நாலு பேர் நாலு தடவை சோறு வைத்துவிடுவார்கள். கூட்டம் அதிகமாக இருக்கும் வீட்டில் பெயர் சொல்லி ஒருவரை நியமித்துவிடுவதுதான் நல்லது.

சென்னையிலிருந்து நாத்தனார் குடும்பம் கன்னியாகுமரி எக்ஸ்பிரஸில் வந்து இறங்கும். அவள் பிள்ளைகளுக்கு ஜானி என்றால் உயிர். கையிலிருப்பதை எல்லாம் அதற்கு ஊட்டிவிடத் துடிக்கும். வேண்டாம் என்று தடுத்தால் பிள்ளைகள் ஒளித்துக் கொடுக்கும், அதுதான் ஆபத்து. அதனால் எலும்பு நீக்கி உப்பு, மசாலா இல்லாமல் வேகவைத்த கோழித் துண்டுகளை ஒரு சின்ன டப்பாவில் போட்டு பிரிட்ஜில் வைத்துவிடுவேன். ஜானிக்குக் கொடுக்க ஆசைப்படுகிறவர்கள் அந்த டப்பாவிலிருந்து மட்டும் கொடுக்கலாம். பிள்ளைகளும் சந்தோஷம், நானும் நிம்மதி. அது சாப்பிடும்போதும் தூங்கும்போதும் மட்டும் எந்தப் பிள்ளையும் கிட்டே போகக்கூடாது. இதில் சலுகையே கிடையாது. எவ்வளவு சாதுவான நாயாக இருந்தாலும் சரி. பல் பட்டுவிட்டால் சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும், வீட்டு நாய்தானே, ஊசி போட்டதுதானே என்று நாமாக முடிவு செய்யக்கூடாது.

சாப்பாட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்லவேண்டும், டிசம்பரில் நாய்க்கு வரும் ஆபத்தில் பெரிய பங்கு மேசை மேலிருந்துதான் வருகிறது. பிளம் கேக்கை எடுத்துக்கொள்ளுங்கள். அதிலுள்ள உலர்ந்த திராட்சை நாயின் சிறுநீரகத்தையே செயலிழக்க வைக்கும். எவ்வளவு தின்றால் ஆபத்து என்று அளவு சொல்லவும் முடியாது, ஒரு நாய் நிறையத் தின்றும் தப்பிக்கும், இன்னொன்று கொஞ்சம் தின்றே விழுந்துவிடும். திராட்சையில் இருக்கும் டார்டாரிக் அமிலம் காரணமாக இருக்கலாம் என்று சில ஆண்டுகளுக்கு முன் அமெரிக்காவில் விலங்கு நச்சு மருத்துவர்கள் எழுதினார்கள். அதே அமிலம் நம் புளியிலும் நிறைய இருக்கிறது, புளி தின்ற நாய்களுக்கும் அதே மாதிரி சிறுநீரகம் கெட்டதை அவர்கள் பார்த்திருக்கிறார்கள். இதைப் படித்ததிலிருந்து எங்கள் வீட்டில் மீன் குழம்பு ஊற்றிப் பிசைந்த சோறு ஜானிக்குக் கிடையாது. மீதிக் குழம்பு நாய்க்குத்தான் என்று பழகிய வீடுகள் நம் பக்கம் ஏராளம், அதனால்தான் அழுத்திச் சொல்கிறேன்.

சாக்லேட்டில் உள்ள தியோப்ரோமின் என்ற பொருள் நாய்க்கு விஷம், அதை நாயின் உடம்பு மிக மெதுவாகத்தான் வெளியேற்றும். கறுப்பு சாக்லேட்டில் அது இன்னும் அதிகம். குவைத்திலிருந்தும் துபாயிலிருந்தும் வருகிறவர்களின் பெட்டியில் அது கிலோ கணக்கில் இருக்கும். பெட்டியைத் தரையில் திறந்து போடாமல் கட்டில் மேலேயோ பீரோவுக்குள்ளேயோ வைக்கச் சொல்லுங்கள். பிரியாணியில் வெங்காயமும் பூண்டும் ரத்த அணுக்களைக் கெடுக்கும். வெந்த கோழி எலும்பு ஊசி ஊசியாகப் பிளந்து தொண்டையிலும் குடலிலும் குத்தும். முந்திரிக்கொத்து, அச்சு முறுக்கு, நேந்திரங்காய் சிப்ஸ் எல்லாம் விஷமில்லைதான், ஆனாலும் எண்ணெயில் பொரித்ததைத் தட்டு நிறையத் தின்றால் நாய்க்குக் கணையம் வீங்கி வாந்தி நிற்காது. கிறிஸ்மஸ் அன்று காலை ஆப்பமும் கோழிக்கறியும் சாப்பிட்டு எழுந்ததும் எச்சில் இலையை எல்லாம் உடனே சுருட்டி மூடி போட்ட வாளியில் போடும் வேலையைப் பெரிய பையனிடம் கொடுத்திருக்கிறோம்.

இன்னொன்று. மழை விட்டும் விடாமலும் இருக்கும் காலம், நாயோ பூனையோ சுருண்டு படுத்தால் காய்ச்சல் என்று நினைத்து நம் மாத்திரையைப் பாதி உடைத்துக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். பாராசிட்டமால் ஒரு மாத்திரையே பூனையின் உயிரை எடுத்துவிடும்.

பூனைக்கு வேறு விதமான பண்டிகை. குடிலில் புல்வெளி வைப்பதற்காக ஒரு தட்டில் மண் பரப்பிக் கேழ்வரகோ நெல்லோ முளைக்கப் போடுவோம், பத்துப் பன்னிரண்டு நாளில் பச்சைப்பசேல் என்று விரல் உயரத்துக்கு வந்துவிடும். எங்கள் பூச்சைக்கு அது என்றால் அத்தனை இஷ்டம். முன்னங்கால்களைத் தட்டின் விளிம்பில் வைத்து, தலையைப் பக்கவாட்டில் சாய்த்து, கடைவாய்ப் பல்லால் ஒவ்வொரு இழையாக நறுக்கும். பூனை புல் தின்பது இயற்கைதான், கெடுதல் ஒன்றும் இல்லை. அதனால் இப்போது இரண்டு தட்டு போடுகிறோம், ஒன்று குடிலுக்கு, ஒன்று அதற்கு. குழந்தை இயேசு சொரூபத்தை 24ஆம் தேதி நள்ளிரவுப் பூசை முடிந்துதான் வைப்போம், அதுவரை தீவனத் தொட்டிப் பக்கத்து வைக்கோலில் பூச்சைதான் படுத்திருக்கும். மாமியார் விரட்டமாட்டார். "மாட்டுக் கொட்டில்ல பூச்சை இருக்காதா" என்பார்.

ஆனால் ஜிகினா நூலும் ரிப்பனும் அப்படியில்லை. பூனையின் நாக்கில் உள்ள முட்கள் உள்பக்கமாகச் சாய்ந்தவை, வாயில் போன நூலைத் துப்ப அதனால் முடியாது, விழுங்கத்தான் முடியும். அந்த நூல் குடலில் சிக்கிக் குடலையே சுருக்கி அறுத்துவிடும். பின்பக்கம் நூல் தொங்குவதைப் பார்த்தால் இழுத்துவிடாதீர்கள், அப்படியே மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு போங்கள். எங்கள் குடிலில் ஜிகினா கிடையாது, சீரியல் லைட் ஒயர் வைக்கோலுக்கு அடியில் போகாமல் சுவரோடு மேலே போகும், ஆள் இல்லாதபோது பிளக்கைப் பிடுங்கிவிடுவோம்.

இனி கேரல் பாட்டுப் பாட வருபவர்கள். டிசம்பர் நடுவிலிருந்தே ராத்திரி எட்டு, ஒன்பது மணிக்கு மேல் இளைஞர்கள் டிரம்மோடு வீடு வீடாக வருவார்கள், முன்னால் முகமூடி போட்ட கிறிஸ்மஸ் தாத்தா ஆடிக்கொண்டே வருவார். ஜானிக்கு டிரம்மைவிட அந்த முகமூடிதான் பயம். அசையாத முகம், பஞ்சுத் தாடி, ஆள் உயரத்தில் சிவப்பு அங்கி, யாரென்று அதற்குப் பிடிபடாது. ஒரு முறை அது நடைக்குப் பின்னால் ஒதுங்கி, முதுகு மயிர் சிலிர்த்துக் குரைத்துக்கொண்டே இருந்தது. தாத்தா வேஷத்தில் இருந்தது எங்கள் தெருப் பையன், தினமும் டீக்கடையில் ஜானிக்கு பிஸ்கட் போடுகிறவன். அவன் பாட்டு முடிந்ததும் முகமூடியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, தரையில் குந்தி, "லேய் ஜானி, நான்தாம்ல" என்றான். குரல் கேட்டதும் குரைப்பு நின்றது. உடனே ஓடிப் போகவில்லை. தாழ்ந்து தாழ்ந்து போய், முதலில் அவன் கையை மோந்து, அப்புறம் அந்தத் தாடியை மோந்து, அதற்குப் பிறகுதான் வால் ஆடியது. அவன் செய்தது அத்தனை சரியான காரியம். அவன் நெருங்கவில்லை, அதுவாக வரட்டும் என்று காத்திருந்தான். இப்போதெல்லாம் எங்கள் தெருவுக்குள் நுழையும் முன்பே போன் செய்துவிடுகிறார்கள், மாமா ஜானியைப் பின்கட்டுக்குக் கூட்டிப் போய்விடுவார்.

வெடி விஷயத்துக்கு வருகிறேன். 2018இல் உச்ச நீதிமன்றம் கிறிஸ்மஸுக்கும் புத்தாண்டுக்கும் நள்ளிரவு 11.55 முதல் 12.30 வரை மட்டும் வெடிக்கலாம் என்று உத்தரவிட்டது. முன்னும் பின்னும் சத்தம் கேட்கத்தான் செய்கிறது, ஆனாலும் எப்போது உச்சம் என்று நமக்குத் தெரிந்திருப்பது பெரிய உதவி. மனிதக் காதுக்கு 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்டால் நாய்க்கு ஏறக்குறைய 45,000 வரை கேட்கும். பூனைக்கு அதைவிடவும் மேலே. அன்றைக்கு ஏழு மணிக்குள் நடையை முடித்து, வழக்கமான நேரத்துக்குச் சோறு வைத்து, தெருப் பக்கம் ஜன்னல் இல்லாத உள் அறையில் அதன் சாக்கை விரித்துவிடுவோம். மின்விசிறி வேகமாக ஓடும், ரேடியோவும் பாடும். கதவைச் சாத்துவோம், தாழ்ப்பாள் போடுவதில்லை, பூட்டிய அறையில் பயந்த நாய் கதவைப் பிறாண்டி நகத்தைப் பெயர்த்துக்கொள்ளும். கழுத்துப் பட்டையில் போன் நம்பர் எழுதியிருக்கும். பயத்தில் சுவரேறிக் குதித்து ஓடும் நாய்கள் புத்தாண்டு ராத்திரியில் அதிகம். கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்தால் இழுக்காதீர்கள். தடவிக்கொடுத்தால் பயம் கூடும் என்று சிலர் சொல்வார்கள், அது சரியில்லை, தாராளமாகத் தடவிக்கொடுங்கள். அளவுக்கு மீறி நடுங்குகிற நாய் என்றால் டிசம்பர் தொடக்கத்திலேயே மருத்துவரைப் பாருங்கள், அதற்கென்று மருந்து உண்டு. 25ஆம் தேதி அவர் இருப்பாரா, இல்லாவிட்டால் யாரைக் கூப்பிடுவது என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள்.

முக்கியமான பிரச்சினை இதுதான்: வெடி உச்சத்தில் இருக்கிற அதே நேரத்தில்தான் வீட்டில் எல்லோரும் பூசையில் இருப்போம், ஜானி தனியாக இருக்கும். எங்கள் வீட்டில் ஒருவர் போவதில்லை. மாமா 24 ராத்திரியும் 31 ராத்திரியும் வீட்டில் இருந்துவிட்டு மறுநாள் காலைப் பூசைக்குப் போகிறார். சொந்தக்காரர்கள் சிலர், "நாய்க்காகவா நடுராத்திரிப் பூசையை விட்டீங்க?" என்று கேட்டிருக்கிறார்கள். "காலைப் பூசையிலும் அதே ஆண்டவர்தான்" என்று சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுவார். அவர் சொல்வதில் எனக்கு முழுச் சம்மதம். அவர் முழங்காலுக்கு முடியாமல் போனால் நானோ என் கணவரோ இருப்போம்.

ஊருக்குப் போவது. ரயிலில் நாயைக் கூட்டிப் போக வேண்டுமென்றால் முதல் வகுப்பில் இரண்டு படுக்கையுள்ள கூபேயையோ நாலு படுக்கையுள்ள கேபினையோ முழுதாக எடுக்கவேண்டும், இல்லாவிட்டால் பார்சல் அலுவலகத்தில் பதிந்து கார்டு வேனில் உள்ள கூண்டில் ஏற்றவேண்டும். இரண்டாவதை நான் யாருக்கும் சொல்லமாட்டேன். ஒரு ராத்திரி முழுக்க இருட்டில், ரயில் சத்தத்தில், தெரிந்த முகம் இல்லாமல் போவது அதற்குப் பெரிய தண்டனை. நாலைந்து நாள் பயணம் என்றால் அது இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும், தெரிந்த ஒருவர் வந்து தங்கட்டும். பூனைக்கு இது இன்னும் பொருந்தும், அதற்கு ஆளைவிட வீடுதான் முக்கியம். விடுதியில் விடுவதானால் நேரில் போய்ப் பார்த்து, தடுப்பூசி அட்டை கேட்கிறார்களா என்று கவனியுங்கள், கேட்காத இடத்தில் விடாதீர்கள்.

நாங்கள் புத்தாண்டு கழிந்து தூத்துக்குடியில் என் அம்மா வீட்டுக்குப் போகும்போது பக்கத்து வீட்டு அக்காவின் மகன் எங்கள் வீட்டில் வந்து படுத்துக்கொள்வான். டிசம்பர் கடைசியில் எல்லோருக்கும் ஊர்ப் பயணம் இருக்கும், அதனால் நவம்பரிலேயே கேட்டுவைத்துவிடுவேன். நாங்கள் கிளம்புவதற்கு முந்தைய வாரம் முழுக்க ஜானிக்கு ராத்திரிச் சோறு அவன் கையால்தான், மாமா பக்கத்தில் நிற்பார். வீட்டுச் சாவி, மருத்துவர் நம்பர், தடுப்பூசி அட்டை மூன்றையும் ஒரு கவரில் போட்டு அவனிடம் கொடுத்துவிட்டுத்தான் பஸ் ஏறுவோம்.