"ஃபைன் கட்டிட்டு வந்துடலாம்" என்று சொன்னால் நம்பாதீர்கள்

அக்கா, அரை நாள் கூலியை விட்டுவிட்டுக் கோத்தகிரியிலிருந்து வந்து நீங்கள் கேட்டது ஒரே கேள்விதான். பஸ் ஸ்டாண்ட் கைகலப்பில் மகன் பெயர் எஃப்.ஐ.ஆரில் ஏறிவிட்டது, இனி போலீஸ் வேலை கிடைக்குமா? அன்று நீங்கள் இருந்த நிலையில் எல்லாவற்றையும் சொல்ல முடியவில்லை. அதனால் எழுதுகிறேன்.

எஃப்.ஐ.ஆர் என்பது புகாரின் பதிவு மட்டும்தான். அதனால் யாரும் குற்றவாளி ஆகிவிடுவதில்லை. போலீஸ் விசாரித்து, ஆதாரம் இருந்தால் மாஜிஸ்ட்ரேட் கோர்ட்டில் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யும். பிறகு சம்மன் வரும், சாட்சி விசாரணை நடக்கும். குற்றத்தை நிரூபிப்பது அரசுத் தரப்பின் பொறுப்பு.

எனக்குப் பயமெல்லாம் ஓர் இடத்தில்தான். சாட்சிகளைக் கூப்பிடும் முன்பே, குற்றத்தை ஒப்புக்கொள்கிறாயா என்று நீதிபதி கேட்பார். "ஒப்புக்கிட்டு ஃபைன் கட்டிட்டா இன்னைக்கே முடிஞ்சிடும்" என்று கோர்ட் வாசலில் யாராவது சொல்வார்கள். வேண்டாம் அக்கா. ஐந்நூறு ரூபாய் அபராதம் என்றாலும் அது தண்டனைதான். போலீஸ் வேலைக்குப் போக நினைக்கும் பையனுக்கு அந்த ஒரு வார்த்தை போதும், கதவு சாத்திவிடும்.

நீங்கள் காட்டிய எஃப்.ஐ.ஆரில், பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றவியல் சட்டத்தின் 115(2), 296(பி) என்று இரண்டு பிரிவுகள் இருந்தன. முதலாவது அடித்துக் காயப்படுத்தியது, அடிபட்டவர் சம்மதித்தால் சமரசம் செய்யலாம். இரண்டாவது பொது இடத்தில் ஆபாசமாகத் திட்டியது, அதில் கீழ்க்கோர்ட்டில் சமரசத்துக்கு இடமில்லை. இரு தரப்பும் ராசியானால் வழக்கையே ரத்து செய்யச் சொல்லி உயர் நீதிமன்றத்தில் மனு போடலாம். நீலகிரி வழக்குகளுக்குச் சென்னையில் இருக்கும் உயர் நீதிமன்றம்தான், அதன் மதுரைக் கிளை அல்ல.

விண்ணப்பத்தில் வழக்கு பற்றிக் கேட்டால் மறைக்கவே கூடாது. மறைத்தால் வேலையில் சேர்ந்த பிறகும் நீக்கலாம் என்பதை 2016-இல் அவதார் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் விளக்கியிருக்கிறது. இன்னொன்றும் சொல்லியாக வேண்டும்: தமிழ்நாடு போலீஸ் பணி விதிப்படி, குற்றம் சந்தேகமில்லாமல் நிரூபிக்கப்படவில்லை என்று, அதாவது சந்தேகத்தின் பலனில் ஒருவர் விடுதலையானாலும், அவரை வழக்கில் சம்பந்தப்பட்டவராகவே பார்ப்பார்கள், வேலை கிடைக்காமல் போகலாம். அதனால் குரூப் 4 தேர்வுக்கும் சேர்த்தே படிக்கட்டும்.

வக்கீலுக்குப் பணமில்லை என்றீர்களே. உதகையில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது, வருமானம் குறைந்தவர்களுக்கு இலவசமாக வக்கீல் தருவார்கள். எஃப்.ஐ.ஆர் பிரதியோடு இந்த வாரமே போய்விடுங்கள். சம்மன் வரும்வரை காத்திருக்க வேண்டாம்.