செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு வீட்டில் யார் இருப்பார்கள்?

திருப்பூரிலிருந்து எழுதியிருந்த அம்மாவுக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். நான்காம் வகுப்புப் படிக்கும் மகன், ஞாயிறு சாயங்காலம் ஆனாலே வயிற்றுவலி என்கிறான். டாக்டரிடம் காட்டியாகிவிட்டது, வயிற்றில் ஒன்றும் இல்லை. அடுத்த வருஷத்து ஃபீஸை மார்ச்சுக்குள் கட்டச் சொல்கிறார்கள். பேசாமல் வீட்டிலேயே வைத்துச் சொல்லிக்கொடுத்துவிடலாமா என்று உங்களுக்குத் தோன்றுகிறது. "நாளைக்கு இவன் காலேஜ் சேர முடியுமா?" என்கிறார் உங்கள் வீட்டுக்காரர். "நாலு பேர் கேட்டால் என்ன சொல்வது?" என்கிறார் மாமியார்.

காலேஜ் கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். மூன்றில் சுலபமானது அதுதான்.

இலவசக் கட்டாயக் கல்விச் சட்டம் 2009-இல் வந்தது, 2010 ஏப்ரல் 1 முதல் அமலில் இருக்கிறது. 6 முதல் 14 வயது வரையிலான குழந்தைகளுக்கானது. பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்று அதன் 10-ஆம் பிரிவு சொல்கிறது. சேர்க்காத பெற்றோருக்குத் தண்டனை என்று எதையும் அந்தச் சட்டம் எழுதிவைக்கவில்லை. வீட்டுக்கல்விக்கென்று அனுமதிக் கடிதமோ பதிவோ கிடையாது. ஆக, இரண்டுங்கெட்டான் நிலைதான். இத்தனை குடும்பங்கள் அதற்குள்தான் வாழ்ந்துகொண்டிருக்கின்றன.

நடைமுறையில் என்ன ஆகும் என்றால், நீங்கள் டி.சி. வாங்கி வேறெங்கும் சேர்க்காமல் விட்டால், எமிஸ் எனப்படும் கல்வித் துறையின் மாணவர் பதிவேட்டில் பையன் பெயர் 'காமன் பூல்' என்ற தொகுப்பில் போய் உட்கார்ந்துகொள்ளும். பள்ளி செல்லாக் குழந்தைகள் கணக்கெடுப்பின்போது யாராவது ஒரு ஆசிரியர் பயிற்றுநர் கதவைத் தட்டுவார். பயந்து பையனை உள்ளறைக்கு அனுப்பாதீர்கள். வேலைக்கு அனுப்புகிறார்களா, ஏதாவது பிரச்சினையில் இருக்கிறானா என்று பார்ப்பது அவர் வேலை. திருப்பூர் மாதிரி ஊரில் அது அவசியமான வேலையும்கூட. உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்து, பையன் எழுதிய நோட்டுகளைக் காட்டுங்கள். மாதத்துக்கு ஒரு நோட்டு, மேலே தேதி போட்டு. இந்த ஒரு பழக்கத்தை மட்டும் முதல் நாளிலிருந்தே பிடித்துக்கொள்ளுங்கள்.

அதே சட்டத்தில் உங்களுக்குச் சாதகமான ஒரு பிரிவும் இருக்கிறது. 4-ஆம் பிரிவின்படி, பள்ளியில் சேராத, அல்லது தொடக்கக் கல்வியைப் பாதியில் விட்ட பிள்ளையை வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஆறு மாதம் வீட்டில் வைத்துப் பார்த்தீர்கள், ஒத்துவரவில்லை என்றால், பக்கத்து அரசுப் பள்ளியில் அவன் வயதுக்குரிய வகுப்பிலேயே திரும்பச் சேர்க்கலாம். இது தெரியாமல்தான் பல பேர் என்னிடம் வந்து, ஏதோ மலையிலிருந்து குதிக்கப்போவதுபோல நடுங்குகிறார்கள்.

இனி சான்றிதழ். என்.ஐ.ஓ.எஸ். எனப்படும் தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனம் 1989-இல் தேசியத் திறந்தநிலைப் பள்ளியாகத் தொடங்கப்பட்டது, மத்திய கல்வி அமைச்சகத்தின் கீழ் இருக்கிறது. சிறு பிள்ளைகளுக்கு ஏ, பி, சி என்று மூன்று நிலைகள். முறையே 3, 5, 8-ஆம் வகுப்புக்குச் சமம். பத்தாம் வகுப்புக்கு 14 வயது நிரம்பியிருக்க வேண்டும். முன்னால் எந்தப் பள்ளியிலும் படித்த சான்று இல்லாவிட்டாலும், 'இந்தப் படிப்பைத் தொடரும் அளவுக்குப் படித்திருக்கிறேன்' என்று உறுதிமொழி கொடுத்துச் சேரலாம். ஐந்து பாடம் தேறினால் போதும், அதில் ஒன்றாவது மொழிப்பாடமாக இருக்க வேண்டும். தமிழ் எடுத்து எழுதலாம். பதிவு ஐந்து வருஷம் செல்லும். வருஷத்துக்கு இரண்டு பொதுத்தேர்வு, ஏப்ரல்-மே ஒன்று, அக்டோபர்-நவம்பர் ஒன்று. ஏப்ரலில் இரண்டு பாடம், அக்டோபரில் மூன்று பாடம் என்று பிரித்து எழுதிக்கொள்ளலாம். பரீட்சை என்றாலே வயிற்றைப் பிடித்துக்கொள்ளும் பிள்ளைக்கு இதைவிடப் பெரிய சலுகை வேறில்லை.

பத்துக்கும் பன்னிரண்டுக்கும் நடுவே இரண்டு வருஷ இடைவெளி வேண்டும் என்பது விதி. 'சீக்கிரம் முடித்துவிடலாம்' என்று யாராவது ஆசைகாட்டினால் நம்ப வேண்டாம். பாடம் தேர்ந்தெடுக்கும்போது சுலபமானதாகப் பார்த்து அள்ளிப்போட்டுவிட்டு, பிறகு இன்ஜினியரிங் வேண்டும் என்று வருகிறவர்களை வருஷா வருஷம் பார்க்கிறேன். கணக்கும் அறிவியலும் பத்தாம் வகுப்பிலேயே இருக்கட்டும். பன்னிரண்டில் ஐந்து பாடம் தேறினால் ஜே.இ.இ. மெயின் எழுதலாம். நீட் விஷயத்தில் திறந்தநிலைப் பள்ளி மாணவர்களுக்கு முன்பு தடை இருந்தது; 2018-இல் டெல்லி உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது, இப்போது எழுதலாம்.

சேர்க்கையை நீங்களே ஆன்லைனில் போட்டுவிடலாம். 'பாஸ் கேரண்டி' போர்டு வைத்திருக்கும் தரகர்கள் யாரும் வேண்டாம். ஹோம்ஸ்கூலிங் சென்டர் என்ற பெயரில் காலை ஒன்பதிலிருந்து மூன்று வரை உட்காரவைக்கும் இடங்களும் வந்துவிட்டன. மைதானம் இல்லாத பள்ளிக்கூடம், அவ்வளவுதான்.

இன்னொரு வழி நம் மாநில வாரியத்திலேயே தனித்தேர்வராக எழுதுவது. எட்டாம் வகுப்பு தனித்தேர்வுக்குப் பன்னிரண்டரை வயது, பத்தாம் வகுப்புக்குப் பதினாலரை. பத்துக்கு அறிவியல் செய்முறைப் பயிற்சிக்கு முன்கூட்டியே பெயர் பதிய வேண்டும். அதைத் தவறவிட்டு ஒரு வருஷம் போனவர்கள் உண்டு. பையனுக்குத் தமிழக அரசு வேலைதான் குறி என்றால் நான் இந்த வழியைத்தான் சொல்வேன். என்.ஐ.ஓ.எஸ். சான்றிதழ் மாநில வாரியத்துக்குச் சமம் என்று காட்ட, சமநிலைச் சான்று, அரசாணை என்று பின்னால் அலைய வேண்டியதில்லை.

என்ன இழப்பு என்பதையும் சொல்ல வேண்டும். அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்தவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு 2020-இல் வந்தது, மறு வருஷமே இன்ஜினியரிங் போன்ற படிப்புகளுக்கும் விரிந்தது. வீட்டில் படித்தால் அது கிடையாது. தமிழ்வழி படித்தவர்களுக்கு அரசு வேலையில் உள்ள 20 விழுக்காடு முன்னுரிமையும், பள்ளியில் தமிழ்வழியில் படித்த சான்று இல்லாமல் கேட்க முடியாது. உங்கள் பையன் இப்போது தனியார் பள்ளியில் இருப்பதால் 7.5 உங்கள் கையில் இல்லாத ஒன்றுதான். ஆனால் அவன் நான்காவதுதான் படிக்கிறான். ஒன்றரை வருஷம் வீட்டில் வைத்துத் தேற்றி, ஆறாம் வகுப்பில் அரசுப் பள்ளியில் சேர்த்தால் அந்த ஒதுக்கீட்டுக்குள் வந்துவிடுவான். வீட்டுக்கல்வி என்றால் பன்னிரண்டாவது வரைக்கும் என்று யாரும் எழுதிவாங்கவில்லை. என்னிடம் வரும் குடும்பங்களில் நன்றாகப் பயனடைந்தவர்களில் பாதிப் பேர் இப்படி இடையில் ஓரிரு வருஷம் மட்டும் செய்தவர்கள்.

அப்புறம், மும்பைப் பெண் ஒருத்தி பள்ளியைப் பாதியில் விட்டு வீட்டிலேயே படித்து 2016-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் சேர்ந்த செய்தியை உங்கள் வீட்டுக்காரரிடம் காட்டினீர்களாம். அந்தப் பத்திரிகை நறுக்கு என் மேஜைக்கு எத்தனையோ தடவை வந்திருக்கிறது. அவள் சர்வதேச கணினி ஒலிம்பியாடில் மூன்று பதக்கம் வாங்கியவள். பன்னிரண்டாம் வகுப்புச் சான்றிதழ் இல்லாததால் இங்கே ஐ.ஐ.டி.யில் அவளுக்கு இடமில்லை. சென்னைக் கணிதவியல் நிறுவனம்தான் அவளை எம்.எஸ்சி. பாடங்களைப் படிக்கவிட்டது. அந்தக் கதையிலிருந்து நமக்கு வேண்டியது ஒன்றுதான்: சான்றிதழை விட்டுவிடாதீர்கள்.

சரி, காகித வேலை முடிந்தது. உங்கள் கடிதத்தில் இல்லாத ஒன்றைக் கேட்கிறேன். வயிற்றுவலி எதனால்?

வகுப்பில் யாராவது அடிக்கிறார்களா, வேனில் பெரிய பையன்கள் சீண்டுகிறார்களா, அல்லது எழுத்துக்கள் அவனுக்கு இடம்மாறித் தெரிகின்றனவா? கற்றல் குறைபாடு இருந்தால் வீட்டில் வைத்தாலும் அது அவன் கூடவே வரும். பள்ளியில் டீச்சர் திட்டியதற்குப் பதில் நீங்கள் திட்டுவீர்கள், அது மட்டும்தான் மாறும். முதலில் ஒரு மதிப்பீடு எடுத்துவிடுங்கள். உறுதியானால் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர் போன்ற சலுகைகள் உண்டு, மாநில வாரியத்திலும் சரி, என்.ஐ.ஓ.எஸ்.ஸிலும் சரி. அடி, மிரட்டல் என்றால் மார்ச் வரை காத்திருக்க வேண்டாம், நாளைக்கே நிறுத்துங்கள். வெறுமனே அந்தப் பள்ளியின் வீட்டுப்பாடச் சுமை என்றால், நான் முதலில் பள்ளியை மாற்றித்தான் பார்ப்பேன்.

இத்தனையும் பார்த்த பிறகும் வீடுதான் என்றால், நான் பெற்றோரிடம் கேட்பது பாடத்திட்டத்தைப் பற்றி அல்ல. செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு உங்கள் வீட்டில் யார் யார் இருப்பார்கள், என்ன செய்துகொண்டிருப்பார்கள்? திங்கட்கிழமை எல்லாருக்கும் உற்சாகம் இருக்கும். செவ்வாய்க்கிழமை குக்கர் இரண்டாவது விசில், கேஸ்காரர் வாசலில், சின்னவள் அழுகை, பையன் சோபாவில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு 'போர் அடிக்குது' என்பான். அந்த நேரத்தில் உங்களுக்குக் கத்தல் வருமா வராதா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

பல வருஷம் முன்னால் ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். அந்த அம்மா டீச்சராக இருந்து வேலையை விட்டவர். ஹாலில் கரும்பலகை, சுவரில் எட்டு பீரியட் அட்டவணை, பூஜை அறை மணியை எடுத்து வந்து பீரியடுக்கு ஒரு தடவை அடிக்கிறார். நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போது அந்தப் பெண் குழந்தை எழுந்து நின்று சுண்டுவிரலைக் காட்டியது, பாத்ரூம் போக. சொந்த வீட்டில், சொந்த அம்மாவிடம். அன்றைக்கு நானும் ஒன்றும் சொல்லாமல் காபி குடித்துவிட்டு வந்துவிட்டேன். சொல்லியிருக்க வேண்டும். நாலு மாதத்தில் இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தையே நின்றுபோய், குழந்தை பள்ளிக்கே திரும்பிப் போனது.

ஒன்பது வயதுப் பிள்ளைக்கு உட்கார்ந்து படிக்கும் நேரம் ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரம் போதும். பள்ளியில் நாற்பது பேருக்கு வருகைப் பதிவும் வரிசையும் நோட்டுத் திருத்தலும் எடுத்துக்கொள்ளும் நேரம் உங்களுக்கு மிச்சம். மீதி நேரத்தை வீடே எடுத்துக்கொள்ளும். ஈரோட்டில் ஒரு அப்பா, கரண்ட் பில் முழுவதையும் மகனிடம் ஒப்படைத்துவிட்டார். தினமும் காலையில் ஸ்டூல் போட்டு மீட்டர் ரீடிங் எடுப்பான். இரண்டு மாதத்தில் முதல் 100 யூனிட் இலவசம், 500-ஐத் தாண்டினால் விலைக்கணக்கே மாறிவிடும் என்பதால், நாற்பதாம் நாள் கூட்டிப் பார்த்துவிட்டு, "இப்படியே போனால் தாண்டிடும், ஏசியைக் குறைங்க" என்று பாட்டியை மிரட்டுவானாம். பெருக்கல், சராசரி எல்லாம் அதில் வந்துவிட்டது. அந்த அப்பா வாய்ப்பாடு சொல்லித்தரவே இல்லை என்று சொல்ல மாட்டேன். அதையும் உட்காரவைத்துச் சொல்லித்தான் கொடுத்தார். வீட்டில் தானாகவே எல்லாம் வந்துவிடும் என்பவர்கள் மேல் எனக்கு நம்பிக்கையில்லை.

நாலு பேர் பேச்சுக்கு வருகிறேன். கல்யாண வீட்டில் முதல் கேள்வியே 'எத்தனாவது படிக்கிறே?' என்பதுதான். பையன் விழித்தால் அடுத்த அரைமணி நேரம் உங்களுக்கு விசாரணை. அவனுக்கு ஒரு பதிலைப் பழக்கிவிடுங்கள்: "அஞ்சாவது, வீட்டுல படிக்கிறேன்." மளிகைக் கடைக்காரர் கேட்டாலும் அதே பதில். மாமியாரை வெளியில் நிறுத்தாதீர்கள். தினமும் ஒரு மணி நேரம் அவர் பொறுப்பு என்று கொடுங்கள், கதையோ பல்லாங்குழியோ. பேரன் தன்னிடம் படிக்கிறான் என்று ஆனபின், ஊருக்குப் பதில் சொல்ல அவரே போதும்.

கூடப் படிக்கும் பிள்ளைகள் இல்லாமல் போவது உண்மையான குறைதான். அதைச் சமாளிக்கச் சாயங்காலம் நாலரைக்குத் தெருவுக்கு விட வேண்டும், வாரத்தில் இரண்டு நாளாவது சிலம்பமோ கால்பந்தோ ஏதாவது ஒரு கூட்டத்தில் சேர்க்க வேண்டும். அபார்ட்மெண்டில் பூட்டிய கதவுக்குள் ஒற்றைப் பிள்ளை என்றால் நான் வேண்டாம் என்றே சொல்லிவிடுவேன்.

கடைசியாக உங்களைப் பற்றி. எக்ஸ்போர்ட் கம்பெனியில் மெர்ச்சண்டைசராகப் பதினோரு வருஷம் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். முழுவதுமாக விட்டுவிடுவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். விடாதீர்கள். நான்கு வருஷம் கழித்துத் திரும்ப வரும் பெண்களுக்கு வேலை தேடித்தருவதும் என் தொழில்தான், அது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். அரை நாள் கேளுங்கள், வீட்டிலிருந்து சாம்பிள் ஃபாலோ-அப் மட்டும் செய்கிறேன் என்று கேளுங்கள், சம்பளம் பாதியானாலும் சரி. அந்த அரை நாள் பையனோடு யார் என்பதை உங்கள் வீட்டுக்காரர் சொல்லட்டும். 'நீ பார்த்துக்கோ' என்று மட்டும் அவர் சொன்னால், இந்த வருஷம் தொடங்க வேண்டாம்.

டி.சி. வாங்கப் போகும்போது அவசரப்பட்டுப் பையில் வைத்துவிடாதீர்கள். பெயர், இனிஷியல், பிறந்த தேதி மூன்றையும், சாதிப்பிரிவு குறித்திருந்தால் அதையும், பிறப்புச் சான்றிதழோடும் சாதிச் சான்றிதழோடும் அங்கேயே நின்று ஒத்துப்பாருங்கள். இன்ஜினியரிங் கவுன்சலிங் வரும்போது எட்டிலிருந்து பன்னிரண்டு வரை தமிழ்நாட்டுப் பள்ளியில் படித்ததைக் காட்ட முடியாது என்பதால் இருப்பிடச் சான்றிதழும் (நேட்டிவிட்டி) வேண்டியிருக்கும். அது இ-சேவையில் கிடைக்கும், அவசரமில்லை. இனிஷியல் மட்டும் இப்போதே.

அன்புடன்,
உங்கள் ஆலோசகர்