நாலு மெயில் கணக்கு, ஒரே இன்பாக்ஸ்: கேள்வி பதில்

துணிக்கடைக்காரர்: ஜிமெயில் இரண்டு, யாஹூ ஒன்று, கடை டொமைனில் ஒன்று. எல்லாவற்றையும் ஒரே ஜிமெயிலுக்குள் இழுத்து வைத்திருந்தேன். இப்போது யாஹூவும் கடை மெயிலும் வருவதில்லை.

மற்ற கணக்குகளிலிருந்து பாப் முறையில் (சர்வரிலிருந்து மெயிலை இறக்கிக்கொள்ளும் பழைய முறை) மெயிலை இழுக்கும் வசதியை 2026 ஜனவரி முதல் நிறுத்துவதாக கூகுள் அறிவித்திருந்தது. யாஹூ போன்ற கணக்கை ஜிமெயிலோடு இணைக்கும் ஜிமெயிலிஃபையும் அந்தப் பட்டியலில் உண்டு. இனி கணினியில் தண்டர்பேர்ட் என்ற மெயில் மென்பொருளைப் போட்டு, நாலு கணக்கையும் ஐமேப்பில் (மெயிலை சர்வரிலேயே வைத்துப் பார்க்கும் முறை) சேர்த்துவிடுங்கள். கடை மெயிலுக்கு போர்ட் 993, எஸ்எஸ்எல். வியூ மெனுவில் ஃபோல்டர்ஸ் போய் யூனிஃபைடு என்பதை டிக் செய்தால் நாலு இன்பாக்ஸும் ஒரே பட்டியலாகத் தெரியும். மெயில் அந்தந்த சர்வரிலேயே இருக்கும், இடம் மாறாது. செல்போனில் ஜிமெயில் ஆப்பிலேயே யாஹூவையும் கடை மெயிலையும் சேர்த்து 'ஆல் இன்பாக்ஸஸ்' பார்க்கலாம்.

அடுத்து ஃபில்டர், அதாவது மெயிலைத் தானாகப் பிரிக்கும் விதி. பலரும் அனுப்புநர் பெயரை வைத்து எழுதி மாட்டிக்கொள்கிறார்கள். சப்ளையர் நாளைக்கே வேறு முகவரியிலிருந்து அனுப்புவார். எந்த முகவரிக்கு வந்தது என்பதைப் பிடியுங்கள், அது உங்கள் கையில் இருக்கிறது. பில்லுக்கென்று ஜிமெயில் பெயருக்குப் பின் ஒரு கூட்டல் குறி போட்டு 'பில்' என்று ஆங்கிலத்தில் சேர்த்துக் கொடுங்கள். மெயில் உங்களுக்கே வரும். 'டு' கட்டத்தில் அந்த முகவரியைப் போட்டு லேபிள் ஒட்டினால் முடிந்தது. சில வெப்சைட்டுகள் கூட்டல் குறியை ஏற்காது, அங்கே வேறு வழியில்லை.

ஒரு எச்சரிக்கை: எந்த ஃபில்டரிலும் 'டெலீட்' போடாதீர்கள். ஒதுக்க வேண்டுமானால் 'ஸ்கிப் இன்பாக்ஸ்' போதும்.

கல்லூரி மாணவி: தண்டர்பேர்டில் எழுதிய ஃபில்டர் செல்போனில் வேலை செய்யவில்லையே?

செய்யாது. அது கணினியில் தண்டர்பேர்ட் திறந்திருக்கும்போது மட்டும்தான் ஓடும். ஜிமெயில் என்றால் ஜிமெயில் செட்டிங்ஸிலேயே எழுதுங்கள். சொந்த டொமைனுக்கு ஹோஸ்டிங்கில் சீவ் என்ற ஃபில்டர் வசதி இருக்கிறதா பாருங்கள், அது சர்வரிலேயே பிரித்துவிடும்.

ஆடிட்டர்: ஜிமெயிலுக்குள் மற்ற மெயில் வருவது நின்றுவிட்டது. ஏன்?

முதல் பதில்.

வங்கி ஊழியர்: ஆபீஸ் மெயிலை என் சொந்த ஜிமெயிலுக்குத் திருப்பிவிட முடியுமா?

முடியுமா என்பதை உங்கள் ஐடி பிரிவிடம் கேளுங்கள், என்னிடம் வேண்டாம். வாடிக்கையாளர் கணக்கு விவரம் வெளியே போனால் பதில் சொல்லப்போவது நீங்கள்தான்.

ஓய்வுபெற்ற ஆசிரியர்: எதற்கு இவ்வளவு சுற்று? சொந்த டொமைனிலிருந்து ஜிமெயிலுக்கு ஃபார்வர்டு போட்டேன். பல வருஷமாக ஓடுகிறது.

ஓடுகிறது சார். ஆனால் வராத மெயில் எது என்று எப்படித் தெரியும்? வங்கி தன் டொமைனின் டிஎன்எஸ்ஸில் (டொமைனுக்கான பொதுப் பதிவேடு), என் பெயரில் அனுப்ப இந்த சர்வர்களுக்கு மட்டுமே உரிமை என்று எழுதி வைக்கிறது. அதுதான் எஸ்பிஎஃப். உங்கள் ஹோஸ்டிங் சர்வர் அந்த மெயிலை ஜிமெயிலுக்குத் தள்ளும்போது, உறையில் (சர்வர்கள் தங்களுக்குள் பார்க்கும் அனுப்புநர் முகவரி) வங்கியின் முகவரி, கதவைத் தட்டுவதோ உங்கள் சர்வர். எஸ்பிஎஃப் ஃபெயில். உங்களுக்கு வரும் ஸ்பேமையும் அதே சர்வர்தான் தள்ளுகிறது, அந்தக் கெட்ட பெயரும் அதற்குத்தான்.

ஓய்வுபெற்ற ஆசிரியர்: டிகிம் கையெழுத்து இருந்தால் டிமார்க் பாஸாகுமே. பாதியை மறைக்கிறீர்களே!

மறைக்கவில்லை, வந்துகொண்டிருந்தேன். டிகிம் என்பது அனுப்பும் டொமைன் மெயிலில் போடும் டிஜிட்டல் கையெழுத்து. எஸ்பிஎஃப், டிகிம் இரண்டில் ஒன்றாவது 'ஃப்ரம்' டொமைனோடு பொருந்திப் பாஸாகாவிட்டால் மெயிலை என்ன செய்வது என்று அந்த டொமைன் எழுதி வைக்கும் விதிதான் டிமார்க். கையெழுத்து அப்படியே வந்து சேர்ந்தால் நீங்கள் சொல்வது சரி. வழியில் ஏதாவது ஒரு சர்வர் தலைப்பில் 'வெளி மெயில்' என்று ஒட்டினாலோ, அடியில் ஒரு வரி சேர்த்தாலோ கையெழுத்து உடைந்துவிடும். அனுப்பிய டொமைன் டிமார்க்கில் 'ரிஜெக்ட்' என்று வைத்திருந்தால் மெயில் உள்ளேயே வராது, ஸ்பேமிலும் தேட முடியாது. கையெழுத்தே போடாமல் அனுப்பும் சின்ன அலுவலகங்களும் உண்டு.

கணினி மையம் நடத்துபவர்: எஸ்ஆர்எஸ் போட்டால் தீர்ந்ததே?

எஸ்ஆர்எஸ் என்பது ஃபார்வர்டு செய்யும் சர்வர் உறை முகவரியைத் தன் டொமைனுக்கு மாற்றி எழுதுவது. எஸ்பிஎஃப் பாஸாகும். ஆனால் உள்ளே 'ஃப்ரம்' வரியில் வங்கியின் டொமைன், உறையில் உங்களுடையது. இரண்டும் பொருந்தாததால் டிமார்க் அந்த எஸ்பிஎஃப் பாஸைக் கணக்கில் எடுக்காது. மறுபடியும் டிகிம் ஒன்றுதான் துணை.

இல்லத்தரசி: பழைய யாஹூ பாஸ்வேர்டு மறந்துவிட்டது.

யாஹூவின் கணக்கு மீட்புப் பக்கத்துக்குப் போங்கள். பணம் வாங்கிக்கொண்டு மீட்டுத் தருகிறேன் என்பவரிடம் போகாதீர்கள்.

புகைப்படக்காரர்: ஜிமெயிலுக்கு வெளி மெயில் வரவில்லை…

மேலே. ஆடிட்டருக்கும் அதையேதான் சொன்னேன்.

பதிவர்: விளம்பர மெயிலையெல்லாம் தானாக அழிக்க ஃபில்டர்?

டெலீட் வேண்டாம் என்று இப்போதுதானே சொன்னேன்! விளம்பரம் அனுப்பும் அதே முகவரியிலிருந்து ஆர்டர் ரசீதும் வரும். லேபிள் ஒட்டி ஒதுக்குங்கள், மாதம் ஒருமுறை பார்த்துவிட்டு நீங்களே அழியுங்கள்.

ஓய்வுபெற்ற ஆசிரியர்: ஒரு மெயிலைத் திறந்து பார்த்தேன். எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது.

எதைப் பார்த்தீர்கள் சார்? மெயிலின் மூன்று புள்ளி மெனுவில் 'ஷோ ஒரிஜினல்' அழுத்துங்கள். எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் மூன்றும் பாஸா ஃபெயிலா என்று மேலேயே இருக்கும்.

ஓய்வுபெற்ற ஆசிரியர்: எஸ்பிஎஃப் ஃபெயில். மற்ற இரண்டும் பாஸ்.

அப்போ டிகிம்தான் காப்பாற்றியிருக்கிறது. மின் கட்டண ரசீது, எல்ஐசி, வங்கி ஸ்டேட்மென்ட் இந்த மூன்றையும் அதேபோல் திறந்து பாருங்கள். ஒன்றிலாவது டிகிம் இல்லையென்றால் உங்கள் டொமைன் முகவரியை ஃபார்வர்டிலிருந்து எடுத்துவிட்டு ஐமேப்பில் சேர்த்துவிடுங்கள்.