பால் ஊத்துறதும் ட்யூப் எடுக்குறதும் – கடிதமும் பதிலும்

அண்ணே வணக்கம்,

போன மாசம் எழுதினப்போ, "நினைவு இனி திரும்பாதுன்னு ஆயிட்டா எனக்கு மெஷின், ட்யூப் எதுவும் வேணாம்னு எழுதி வச்சுட்டேன்"னு போற போக்குல ஒரு வரி சொல்லிட்டுப் போயிட்டீங்க. எனக்கு அன்னிக்கு ராத்திரி தூக்கமே வரல. எங்கப்பா பைக்ல இருந்து விழுந்து தலையில அடிபட்டு பதினாலு மாசமாச்சு. கண்ணு முழிக்கிறாரு, கொட்டாவி விடுறாரு, யாரையும் தெரியல. மூக்கு ட்யூப்ல கஞ்சி, பால் எல்லாம் நான்தான் விடுறேன். 'வெஜிடேட்டிவ் ஸ்டேட், இனிமே இப்படித்தான்'னுட்டாரு டாக்டர். பெரியப்பா "இழுத்துக்கிட்டுக் கெடக்கானே, விட்டுருங்கம்மா"ங்கறாரு, அதுல இருந்து தம்பி அவர் முகத்துலயே முழிக்கிறதில்ல. நீங்க எழுதி வச்சது தற்கொலை மாதிரி ஆகாதா? வீட்ல எப்படி ஒத்துக்கிட்டாங்க? எதுவும் எழுதி வைக்காத எங்கப்பாவுக்கு நாங்க என்ன செய்யறது? என் பேர் போட வேணாம்ணே.

*

தங்கச்சிக்கு,

பேர் போடல. பெரியப்பாவத் தப்பா நினைக்காதீங்க. அவர் சொன்னது நம்மூர்ல காலங்காலமா சொல்லிட்டு வர்றதுதான், உசுரு போகாம தவிச்சா பாலை ஊத்துவோம், அதுலயும் போகலேன்னா சொந்த நிலத்து மண்ணைக் கரைச்சு ஊத்துவோம், ஏதோ ஒரு ஆசை பிடிச்சு வச்சிருக்குன்னு அர்த்தம். ஆனா இதெல்லாம் மூக்குல ட்யூப் வர்றதுக்கு முந்தின கணக்கு.

நான் ஏன் எழுதினேன்னு கேட்டீங்க. எங்க சித்தப்பாவுக்கு மூளையில ரத்தக்கசிவு, வெண்டிலேட்டர்ல பதினோரு நாள். பன்னெண்டாம் நாள் ஐசியூ டாக்டர் வெளிய வந்து அவர் பையன்கிட்ட "என்ன பண்ணலாம்னு நீங்களே சொல்லுங்க"ன்னாரு. அவனுக்கு அப்ப இருபத்திநாலு வயசு. கையில பாதி டீயோட ஒரு பேப்பர் கப், அதை எங்க வைக்கறதுன்னு தெரியாம சுத்திமுத்தி பாக்கறான், கடைசில அதை என்கிட்ட குடுத்துட்டுத்தான் கையெழுத்துப் போட்டான். டாக்டர் பேச்சை மீறி நாங்களா கூட்டிட்டுப் போறோம்னு ஒரு ஃபார்ம். ஆம்புலன்ஸ்ல வந்த தம்பி ரெண்டு மணி நேரம் அம்பு பேக்கை, கையால அமுக்கி மூச்சு குடுக்கற பையை, அமுக்கிக்கிட்டே வந்தாரு, வீட்ல கட்டில்ல கிடத்தி, "எல்லாரும் பால் ஊத்திட்டீங்களா"ன்னு ஒரு வாட்டி கேட்டாரு, கையை எடுத்துட்டாரு. அவ்ளோதான். நம்ம பக்கம் எத்தனையோ வீட்ல நடக்கறதுதான் இது, யாரும் இதுக்குப் பேர் வைக்கறதில்ல. ஆனா அந்தப் பையன் இன்னிக்கும் தண்ணி போட்டா "நான்தாண்ணே எங்கப்பாவ முடிச்சுட்டேன்"னு அழுவான். என் பொண்ணு கையில அந்தக் கப் இருக்கக் கூடாதுன்னுதான் எழுதினேன், வேற பெரிய தத்துவம் ஒண்ணுமில்ல.

தற்கொலையான்னா, இல்ல. 2018 மார்ச் 9ல சுப்ரீம் கோர்ட்ல அஞ்சு நீதிபதிகள் பெஞ்ச், கௌரவமா சாகறதும் வாழ்ற உரிமைல அடக்கம்தான், முன்கூட்டியே இப்படி எழுதி வச்சா செல்லும்னு சொல்லிடுச்சு. ஊசி போட்டுக் கொல்றது வேற, அது இன்னிக்கும் குற்றம்தான். முதல்ல மாஜிஸ்திரேட் கையெழுத்து வேணும்னு வச்சிருந்தாங்க, யாரு அலைவா, அதனால 2023 ஜனவரில அதை எடுத்துட்டு ரெண்டு சாட்சி, ஒரு நோட்டரி இல்ல கெஜட்டட் ஆபீசர் போதும்னு மாத்தினாங்க. உள்ளாட்சி அலுவலகத்துல ஒரு காப்பி குடுக்கலாம். நான் கொண்டு போனப்போ அங்க இருந்தவர் புரட்டிப் பாத்துட்டு "உயிலா? சார்பதிவாளர் ஆபீஸ் போங்க"ன்னாரு, சொத்து உயில் இல்ல சார் உசுரு உயில்னேன், என்னை மேலயும் கீழயும் பாத்துட்டு சேர்ல உக்காரச் சொல்லி தண்ணி குடுத்தாரு பாவம்.

வீட்ல ஒத்துக்கல. வெண்டிலேட்டர் வரைக்கும் சரின்னா என் சம்சாரம். ட்யூப்புன்னதும் "சோறு தண்ணி இல்லாம சாகடிக்கச் சொல்றியா, என்னால ஆகாது"ன்னுட்டா. அதுல நியாயம் இல்லாம இல்ல. ஆனா நீங்க தினம் பாக்கறதுதான், இந்த நிலைமைல இருக்கறவங்க பெரும்பாலும் தானாவே மூச்சு விடுவாங்க, பிடுங்க மெஷினே இருக்காது, எங்க சித்தப்பா கதை இங்க செல்லாது. அமெரிக்கால கேரன் ஆன் குயின்லன்னு ஒரு பொண்ணு, 1976ல பெத்தவங்க கோர்ட்ல ஜெயிச்சு வெண்டிலேட்டரை எடுத்தாங்க, அவ பாட்டுக்கு மூச்சு விட்டா, ட்யூப்பை எடுக்கணும்னு அவங்க கேக்கவே இல்ல, 1985 வரைக்கும் இருந்தா. அதே அமெரிக்கால டெரி ஷைவோன்னு இப்படிக் கிடந்த இன்னொரு பொண்ணு கேஸ்ல எழுத்துல ஒண்ணுமே இல்ல, அவ எப்பவோ வாயால சொன்னதா புருஷன் சொல்றாரு, அவ அப்படிச் சொல்லியிருக்க மாட்டான்னு அப்பா அம்மா. ட்யூப்பை எடுத்து, திரும்பப் போட்டு, எடுத்து, அவங்க ஊர் பார்லிமெண்ட் வரைக்கும் போய் 2005ல முடிஞ்சது, அவ படுத்து பதினஞ்சு வருஷம். அதனாலதான் நான் ட்யூப்பைப் பேர் சொல்லியே எழுதினேன், முடிவு சொல்ற ஆளா சம்சாரத்தப் போடாம பொண்ணையும் ஒரு சிநேகிதனையும் போட்டேன். அவ ஒரு வாரம் சரியாப் பேசல.

இப்ப உங்க அப்பா. மும்பை கேஈஎம் ஆஸ்பத்திரி நர்ஸ் அருணா ஷான்பாக் பத்தித் தெரிஞ்சிருக்கும், 1973ல தாக்கப்பட்டு 2015 வரைக்கும் அப்படியே கிடந்தாங்க. 2011ல ஒரு பத்திரிகையாளர் போட்ட மனுவைக் கோர்ட் தள்ளினப்போ, முடிவெடுக்க வேண்டியது இத்தனை வருஷம் கையால ஊட்டிப் பாத்துக்கிட்ட அந்த ஆஸ்பத்திரிக்காரங்கதான், வெளிய இருந்து வந்தவங்க இல்லன்னு சொன்னாங்க. அந்த நர்ஸுங்க வேணாம்னாங்க. இதை ஏன் சொல்றேன்னா, உங்க வீட்ல தினம் கஞ்சி விடுறது நீங்க, உங்க வார்த்தைக்கு பெரியப்பாவை விட, என்னை விட எடை ஜாஸ்தி. எழுதி வைக்காதவங்களுக்கும் வழி இருக்கு, ஆஸ்பத்திரில ஒரு டாக்டர் போர்டு, அதுக்கு மேல ரெண்டாவது போர்டு, ரெண்டும் சரின்னு சொல்லி, குடும்பமும் சம்மதிச்சா மாஜிஸ்திரேட்டுக்குத் தகவல் குடுத்துட்டு நிறுத்தலாம். அங்க உங்களுக்கு என்ன வேணும்னு யோசிக்காதீங்க, அப்பா எழுந்து உக்காந்து தன்னைத் தானே பாத்தா என்ன சொல்லுவாருன்னு தம்பிகிட்ட கேளுங்க. தம்பி சண்டை போட்டாலும் பரவால்ல.

ஆனா அதுக்கு முன்னாடி ஒண்ணு, எனக்கே எழுதும்போது கை நடுங்கின விஷயம். 1996ல லண்டன்ல ஒரு ஆஸ்பத்திரில இப்படி வெஜிடேட்டிவ்னு சொல்லி அனுப்பின 40 பேரைப் பொறுமையா பரிசோதிச்சப்போ 17 பேருக்கு நினைவு இருந்துருக்கு. பதினேழு பேரு! பல பேருக்கு பார்வை போயிருந்துச்சு, கை கால் அசைக்க முடியல, அதனால யாருக்கும் தெரியல. 2006ல இன்னொரு பொண்ணை ஸ்கேன்ல படுக்க வச்சு டென்னிஸ் ஆடுற மாதிரி நினைச்சுக்கம்மான்னு சொன்னா, நல்லா இருக்கறவங்களுக்கு மூளை வேலை செய்யற அதே இடத்துல வேலை செஞ்சுது. அதனால என் பத்திரத்துல அடிபட்டு ஒரு வருஷம் முடியணும், ரெண்டு நியூரோ டாக்டர் தனித்தனியா பாக்கணும்னு சேத்துக்கிட்டேன். உங்க அப்பாவை ஒரே ஒரு டாக்டர், ஒரே ஒரு வாட்டி பாத்துட்டுச் சொன்னதா இருந்தா அது பத்தாது, இன்னொருத்தர்கிட்ட காட்டுங்க.

அதுக்குள்ள வீட்லயே ஒண்ணு பாக்கலாம், டாக்டர்களே செய்யறதுதான். மத்த எதையும் தொடராத கண்ணு சில பேருக்குத் தன் முகத்தைத் தொடரும். அப்பா ஷேவிங் பண்ற கண்ணாடி இருந்தா எடுங்க. நல்லா முழிச்சிருக்கற நேரமா, தலையைக் கொஞ்சம் தூக்கி வச்சு, அவர் முகம் அதுல தெரியற மாதிரி பக்கத்துல பிடிச்சு, மெதுவா வலது பக்கம், அப்புறம் இடது பக்கம் நகத்துங்க. ரெண்டு மூணு நாள், வேற வேற நேரத்துல. தொடரலேன்னா அதை வச்சு எதையும் முடிவு பண்ணிடாதீங்க. தொடர்ந்தா ஃபோன்ல வீடியோ எடுத்து வச்சுக்கங்க, புது டாக்டர்கிட்ட காட்ட. தம்பியையும் கூட வச்சுக்கிட்டுப் பாருங்க. பாத்துட்டு எழுதுங்கம்மா.